வால்பாறையா கொல்லிமலையா: ஒரே ஒரு ஞாயித்துக்கெழம இருந்தா எங்க போறது?

திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கற எங்களுக்கு லீவுன்னா ஞாயித்துக்கெழம ஒண்ணுதானுங்க, அதுல மலைக்குப் போலாம்னு பேச்செடுத்தா பாதிப் பேரு வால்பாறைம்பாங்க, பாதிப் பேரு கொல்லிமலைம்பாங்க. ரெண்டுக்கும் நான் பல தடவ போயிருக்கறேன், அம்மிச்சியக் கூட்டிட்டும் போயிருக்கறேன், பசங்களோட பைக்லயும் போயிருக்கறேன், அதுல எனக்குத் தெரிஞ்சது கூட யாரு வர்றாங்கன்னு பாத்துட்டுத்தான் மலைய முடிவு பண்ணோணும்.

எல்லாரும் மொதல்ல கேக்கறது கொண்டை ஊசி வளைவு எத்தனைன்னுதான். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40, காரவள்ளில இருந்து கொல்லிமலைக்கு 70. கொல்லிமலைல ஒரு வளைவு முடிஞ்சு ஸ்டீரிங்க நேராக்கறதுக்குள்ள அடுத்தது வந்துரும், கார்ல வாந்தி வர்றவங்க இருந்தா வெடியால வயிறு முட்ட சாப்புட வெக்காதீங்க. எந்த மலையா இருந்தாலும் ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, எறங்கறப்போ ஏறுன கியர்லயே எறங்குங்க, பிரேக்க அமுக்கிட்டே வந்தா சூடாகி பிடிக்காமப் போயிரும்.

வால்பாறையோட பெரிய பலமே வண்டிய விட்டு எச்சா நடக்காமயே பாக்கலாங்கறதுதானுங்க. ஒம்பதாவது வளைவுல நின்னா கீழ ஆழியாறு டேம் முழுசாத் தெரியும், நேரம் நல்லா இருந்தா அங்கயே தடுப்புச் சுவத்து மேல வரையாடு நிக்கும், நம்ம மாநில விலங்கு இத்தன பக்கத்துல வேற எங்க பாக்கறது சொல்லுங்க. அப்பறம் புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சிங்கவால் குரங்கு, ஒலகத்துல நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டும் இருக்கற சாதி, அதுங்க ரோட்டுல அடிபடக் கூடாதுன்னு மரத்துக்கு மரம் மேல பாலமாட்ட கட்டி விட்ருக்காங்க, அதுல குட்டிய வயித்தோட அணச்சுட்டு ஒண்ணு போனத அம்மிச்சி கார் கண்ணாடி வழியாப் பாத்துட்டு அரை மணி நேரம் கெளம்பவே விடல. தயவு செஞ்சு பிஸ்கட் போடாதீங்க, தீனிக்காகத்தான் அதுங்க ரோட்டுக்கு எறங்குது.

கொல்லிமலை அப்படியில்ல, கால்ல தெம்பு இருக்கறவங்களுக்கான மலை. ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆயிரத்துக்கு மேல படி எறங்கோணும், எறங்கறது சுலுவா இருக்கும், திரும்பி ஏர்றப்பத்தான் முட்டி கழண்டுரும். ஆனா கீழ போயி சுமார் 300 அடி உசரத்துல இருந்து தண்ணி முகத்துல அடிக்கறப்போ கெடைக்கற சந்தோசத்துக்கு வால்பாறைல ஈடே இல்ல, அத நான் எங்க வேணா சொல்லுவேன். படி முடியாதவங்க மாசிலா அருவிக்குப் போயிக்கலாம். வர்றப்போ சோளக்காடுங்கற ஊர்ல மெளகும் பலாப்பழமும் வாங்கிட்டு வாங்க, மலை வாழப்பழம் கெடச்சா விட்றாதீங்க. ஆடி பதினெட்டு ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், அப்பக் கூட்டம் தாங்காது.

ஏற்காடு சேலத்துக்காரங்களுக்குப் பக்கம், 20 வளைவுல மேல போயிரலாம், எங்களுக்கு அதுக்குன்னு அவ்வளவு தூரம் வேண்டியதில்ல. ஊட்டிய ஒரு நாள்ல பாக்க நெனைக்காதீங்க, அதுக்குப் பதிலா கோத்தகிரி போயி கோடநாடு வியூ பாயிண்ட் பாத்துட்டு வந்துரலாம், ஆனா நீலகிரிக்கு இ-பாஸ் மறக்காம எடுத்துக்கோங்க.

மழைக் கணக்கும் பாக்கோணும். ஆனி, ஆடில வால்பாறைல பேய் மழை, மூடுபனில எதுவுமே தெரியாது. கொல்லிமலைக்கு ஐப்பசி, கார்த்திகை மழை, அது விட்டதும் மார்கழி, தைல போனா அருவில தண்ணியும் இருக்கும் படியும் வழுக்காது. வயசானவங்களோடன்னா நான் கண்ண மூடிட்டு வால்பாறைதான் சொல்லுவேன், பொழுதோட கெளம்பி இருட்டறதுக்குள்ள ஆழியாறு வந்து சேந்துருங்க, அதுக்கு மேல அந்த ரோடு யானைங்களுக்கு.