உப்பில் ஓடிய ஃபிளாட்ஹெட்: பொன்னெவிலில் பத்து ஆகஸ்டுகள்

1932-இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட பக்கவால்வு வி-8 எஞ்சினை (வால்வுகள் சிலிண்டர்களுக்கு மேலே இல்லாமல் பக்கத்தில் அமைந்த எட்டு சிலிண்டர் எஞ்சின்) அமெரிக்காவில் எல்லோரும் ஃபிளாட்ஹெட் என்றே அழைக்கிறார்கள். அந்த வரிசையில் 1948-ஆம் ஆண்டைச் சேர்ந்த, 239 கன அங்குலக் கொள்ளளவுள்ள எஞ்சின் ஒன்றை 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் என்னும் திறந்த காரின் உடலுக்குள் பொருத்திய வண்டியை, 2007-இல் தென் கலிபோர்னியாவில் ஒரு முதிய லேத் தொழிலாளியிடமிருந்து வாங்கினேன். 2008 முதல் 2019 வரையிலான காலத்தில் பத்து முறை அதை யூட்டா மாநிலத்தின் பொன்னெவில் உப்புவெளிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உப்புத்தரை ஓடத் தகுந்த நிலையில் இல்லாததால், ஆகஸ்டில் நடக்கும் ஸ்பீட் வீக் என்னும் வேக ஓட்ட வாரம் ரத்தானது. என் குறிப்பேட்டின்படி மொத்தம் 38 ஓட்டங்கள். அவற்றில் வண்டி உண்மையில் ஓடிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. மீதிக் காலமெல்லாம் வரிசையில் காத்திருப்பதிலும், கழற்றி மாட்டுவதிலும், உப்பைக் கழுவுவதிலும் கழிந்தது. ஆகவே இந்தப் பகிர்வில் வேகத்தைவிட உப்பே அதிகம் பேசப்படும்.

வெண்டோவர் என்னும் சிற்றூரை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,200 அடி உயரத்தில், பனியுகத்துப் பெரும் ஏரியொன்று வற்றியதன் எச்சமாக இந்த வெளி கிடக்கிறது. குளிர்காலத்தில் மெல்லிய நீர்ப்படலம் இதை மூடுகிறது. கோடையில் அந்த நீர் ஆவியாகும்போது உப்பு மீண்டும் படிந்து, முந்தைய ஆண்டின் சக்கரத் தடங்களை அழித்து, தரையைச் சமன்செய்துவிடுகிறது. 1935 செப்டம்பர் 3-ஆம் தேதி மால்கம் கேம்பெல் மணிக்கு 301.129 மைல் வேகத்தை எட்டியதும், 1947-இல் ஜான் காப் அதை 394.196 மைலுக்கு உயர்த்தியதும் இங்கேதான். ஆனால் எங்களைப் போன்றோர் இங்கு வருவதற்குக் காரணம் அந்தப் பெருமக்கள் அல்லர். 1937-இல் தொடங்கப்பட்ட தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் 1949-இல் நடத்திய முதல் ஸ்பீட் வீக்தான் கொல்லைப்புறக் கொட்டகையில் வண்டி கட்டுவோருக்கும் இந்த உப்பில் இடம் தந்தது.

வண்டியை எனக்கு விற்ற பெரியவர் 1960 செப்டம்பரில், பதினாறு வயதுச் சிறுவனாக, இங்கே நின்றிருக்கிறார். நான்கு போன்டியாக் எஞ்சின்களைப் பூட்டிய வண்டியில் மிக்கி தாம்சன் 406.60 மைல் வேகத்தில் ஒரு திசையில் ஓடி முடித்த நாள் அது; திரும்பும் ஓட்டத்தில் வண்டி பழுதானதால் அது அதிகாரபூர்வ சாதனையாகப் பதிவாகவில்லை. வண்டி கண்ணில் படாத தொலைவுக்குப் போன பிறகும் அதன் ஓசை வந்துகொண்டே இருந்தது என்பதைப் பெரியவர் ஒவ்வொரு ஆண்டும் முதன்முறை சொல்வதைப் போலவே சொல்வார். முதல் ஐந்து பயணங்களில் அவரும் எங்களோடு வந்தார். அதன் பிறகு அவருடைய முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை.

இனி வண்டிக்கு வருகிறேன். ஆலையிலிருந்து வெளிவந்தபோது 100 குதிரைத்திறன் தந்த எஞ்சின் இது. கேம் தண்டை மாற்றி, அழுத்த விகிதத்தை உயர்த்தி, மூன்று ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்களைப் பொருத்தியதில் அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாகக் கிடைத்தது. ஃபிளாட்ஹெட்டின் பிறவிக் குறை வெப்பம். புகை வெளியேறும் வழி எஞ்சின் பிளாக் என்னும் இரும்பு உடலுக்கு உள்ளேயே, குளிர்விக்கும் நீருக்கு நடுவே வளைந்து செல்கிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே புகைவாயைப் பகிர்ந்துகொள்கின்றன. சாலையில் இந்த எஞ்சினை வைத்திருப்பவர்கள் கோடைக்காலப் போக்குவரத்து நெரிசலுக்கு அஞ்சுவார்கள். உப்பில் நிலைமை வேறு. ஓட்டம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால், ரேடியேட்டரையே கழற்றிவிட்டு, காற்று நுழையும் முகப்பை அடைத்து, இருக்கைக்குப் பின்னால் ஒரு நீர்த்தொட்டியை வைத்து அதில் பனிக்கட்டி போட்டு ஓட்டினோம். 38 ஓட்டங்களில் ஒருமுறைகூட நீர் கொதிக்கவில்லை. ஆயினும் 2013-இல் வால்வு வந்து அமரும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் இடையில் மயிரிழை போன்ற விரிசல் கண்டது. இந்த எஞ்சினை அறிந்தவர்கள் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள்; வேறொரு பிளாக்கைத் தேடிப்பிடித்து மாற்றினேன்.

திறனைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நம்பித்தான் முதல் மூன்று ஆண்டுகளும் செலவழித்தேன். அது தவறான கணக்கு. 2010-இல் ஓர் ஓட்டத்தின்போது டாக்கோமீட்டர் காட்டிய சுழற்சியையும் பின் அச்சின் பல்சக்கர விகிதத்தையும் வைத்துக் கணக்கிட்டால் மணிக்கு 150 மைல் வர வேண்டும்; கையில் கிடைத்த நேரச் சீட்டிலோ 137 என்று அச்சாகியிருந்தது. இடைப்பட்ட பதின்மூன்று மைலும் சக்கரம் உப்பில் வழுக்கியதில் போனவை. பெரியவர் சிரித்துவிட்டு, பின் அச்சுக்கு மேலே 300 பவுண்டு இரும்புத் தகடுகளை ஏற்றச் சொன்னார். பந்தய வண்டி என்றால் எடையைக் குறைக்க வேண்டும் என்று படித்து வளர்ந்த எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் முடுக்கத்துக்கு மைல்கணக்கில் இடம் இருக்கும் தடத்தில் எடை பெரிய பகையன்று, பிடிப்பு இல்லாமைதான் பகை. மறுநாள் காலை அதே எஞ்சின் 141 மைல் காட்டியது. மணிக்கு ஏறத்தாழ 227 கிலோமீட்டர். இன்றுவரை இந்த வண்டியின் உச்சம் அதுதான். சாதனை எதுவும் என் பெயரில் இல்லை. எங்கள் வண்டி சேர்ந்த போட்டி வகுப்பின் சாதனையை ஒரு ஓட்டத்தில் முறியடித்து, வண்டியைக் காவல் அடைப்பில் விட்டு, மறுநாள் காலை மீண்டும் ஓடி, இரண்டின் சராசரியும் பழைய எண்ணைத் தாண்டினால்தான் பெயர் ஏறும். முதல் படியையே நான் ஏறியதில்லை.

அந்த 141 காலையில் கிடைத்ததும் தற்செயல் அன்று. உயரம் ஆயிரம் அடி கூடும்போது எஞ்சின் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கிறது. பொன்னெவிலின் சொந்த உயரமே 4,200 அடி. பிற்பகல் வெயிலில் காற்று விரிந்து மெலியும்போது, 6,000 அடிக்கு மேலான மலையில் நிற்பதைப் போல எஞ்சின் திணறும். கடற்கரை ஊரில் சரியாக இருந்த கார்புரேட்டர் ஜெட்டுகள் (பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளைகள்) இங்கே பெட்ரோலை அதிகமாக ஊற்றும், அவற்றைச் சிறியதாக மாற்ற வேண்டும். ஆகவே வரிசையில் எந்த மணிக்கு நிற்கிறோம் என்பது எந்த எஞ்சினைக் கொண்டுவந்தோம் என்பதற்கு இணையாக முக்கியம். ஐந்தாவது ஆண்டிலிருந்து பிற்பகல் ஓட்டங்களை நான் விட்டுவிட்டேன்.

ஓட்டுவது எப்படி இருக்கும் என்று பலரும் கேட்கிறார்கள். உயர் கியர் விகிதம் கொண்ட வண்டி என்பதால் தானாகக் கிளம்பத் தடுமாறும். பின்னாலிருந்து ஒரு லாரி 40, 50 மைல் வேகம் வரை தள்ளிவிட்டு ஒதுங்கும். அதன் பிறகு சன்னமான அதிர்வும், ஸ்டீயரிங் சற்றுத் தளர்ந்து மிதப்பது போன்ற உணர்வும் இருக்கும். மரமோ வேலியோ இல்லாத வெண்பரப்பில் மைல் பலகைகளைத் தவிர வேகத்தை அளக்கக் கண்ணுக்கு எதுவும் அகப்படாது. 100 மைலுக்கும் 140 மைலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதுதான் சொல்லும். 1948-இல் ரோலி ஃப்ரீ நீச்சலுடையோடு வின்சென்ட் மோட்டார் சைக்கிளின் மேல் குப்புறப் படுத்து 150.313 மைல் வேகத்தில் போன புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். தீக்காப்பு உடையும் தலைக்கவசமும் ஐந்து முனைப் பெல்ட்டும் அணிந்து, இரும்புக் குழாய்ப் பாதுகாப்புக் கூண்டுக்குள் அமர்ந்து, அவரைவிடக் குறைந்த வேகத்தில் போகும்போது அந்தப் படம் நினைவுக்கு வந்தால் எனக்குச் சற்று நாணமாகவே இருக்கும்.

பராமரிப்புக்கு வருவோம். இந்த வண்டியின் உண்மையான செலவு இங்கேதான். சக்கரம் வீசும் ஈர உப்பு அடித்தட்டில் அப்பி, சில மணி நேரத்தில் சிமெண்ட் போல் இறுகிவிடும். அது காய்வதற்குள் மரச்சட்டத்தால் சுரண்ட வேண்டும். ஊருக்குள் வந்ததும் அழுத்த நீரால் கழுவ வேண்டும். வீட்டுக்கு வந்து வினிகர் கலந்த நீரால் மீண்டும் கழுவ வேண்டும். பிறகு பேரிங்குகளைக் கழற்றிப் புதிய கிரீஸ் இட வேண்டும். புறப்படும் முன் அடித்தட்டு முழுவதும் மெல்லிய எண்ணெயைத் தெளித்துவிட்டால் பாதி வேலை குறையும் என்பதை நான்காவது ஆண்டில்தான் கற்றேன். எச்சரிக்கையாக இருந்தும் மின் இணைப்புகளை இரண்டு முறை முழுவதுமாக மாற்ற நேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், எல்லாக் கவனிப்பையும் வண்டிக்கே கொடுத்ததால், முதலில் துருப்பிடித்து உடைந்தது அதை ஏற்றிச்சென்ற டிரெய்லர். உடம்புக்கும் இதே கதை: வெயில் கீழிருந்தும் எதிரொளிப்பதால் மோவாயின் அடிப்புறமும் மூக்குத் துவாரமும் வெந்துபோகும், முதல் ஆண்டு அவ்விடங்களுக்குக் களிம்பு பூசாமல் ஒரு வாரம் அவதிப்பட்டேன்.

உப்புத்தரையும் நான் முதலில் கண்டதைப் போல இல்லை. 2008-இல் கூடார ஆணி அடிக்கச் சுத்தியல் வளைந்தது. 2018-இல் சில இடங்களில் ஆணி எளிதாக இறங்கி, நுனியில் சாம்பல் நிறச் சேற்றோடு வந்தது. அருகில் நெடுங்காலமாகப் பொட்டாஷ் என்னும் உர உப்பை எடுப்பதற்காக உப்புநீரை இழுப்பதே காரணம் என்பது ஓட்டுநர்களின் முறையீடு. 1997-இலிருந்து உப்புநீரை மீண்டும் வெளியில் பாய்ச்சும் முயற்சியும் நடந்திருக்கிறது. காரணங்களைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. தடம் சுருங்குவது மணிக்கு 400 மைல் வேகக் கனவுள்ளவர்களைத்தான் வாட்டும். மூன்று மைல் நீளத் தடமே போதுமான என்னைப் போன்றவர்களை மெல்லிய மேலோடு வாட்டுகிறது, ஏனெனில் உடைந்த உப்பில் பிடிப்பு இன்னும் குறையும்.

பழைய எஞ்சினோடு இங்கே வருவது வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த பர்ட் மன்ரோ, 1920-இல் செய்யப்பட்ட இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிளோடு, தன் கையாலேயே வார்த்த பிஸ்டன்களைப் பொருத்தி, 1967-இல் 184.087 மைலை எட்டியவர். ஆனால் அவரிடம் இருந்த பொறுமை இல்லாதவர்கள் இதுபோன்ற வண்டியை வாங்க வேண்டாம். வாங்குவதானால் எஞ்சினுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியைச் சக்கரம், எடைத் தகடு, பின் அச்சுப் பல்சக்கரங்கள் ஆகியவற்றுக்கு ஒதுக்கட்டும். என் வண்டி இப்போதும் ஓடும் நிலையில்தான் இருக்கிறது. சட்டகத்தின் பின்முனைத் துளையில் காற்றடித்தால் இன்னும் வெள்ளைத் தூள் கொட்டுகிறது. இருக்கைப் பெல்ட்டுகளின் காலக்கெடு மட்டும் முடிந்துவிட்டது. அவற்றை மாற்றினால்தான் பரிசோதகர்கள் வரிசையில் நிற்கவே விடுவார்கள்.