காசநோய் யாரிடமிருந்து யாருக்கு? கைரேகை முறைகளும் முழு மரபணு வாசிப்பும்

ஒரே தெருவில் இரண்டு பேருக்குக் காசநோய். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா, இல்லை இருவருக்குள்ளும் பல வருடங்களாக உறங்கிக்கிடந்த கிருமி தனித்தனியே கிளம்பியதா? பதில் தேட நான்கு வழிகள் உண்டு. அதே இரண்டு கிருமிகளை ஒரு முறை ‘உறவு’ என்று சொல்லும், இன்னொன்று ‘அந்நியர்’ என்று சொல்லும்.

1993-இல் உலகப் பொதுமுறையாக வகுக்கப்பட்டது ஐஎஸ்6110 கைரேகை, அதாவது கிருமியின் டிஎன்ஏவை அடையாளமாகக் காட்டும் பட்டை வடிவம். கிருமியை வாரக்கணக்கில் வளர்த்து, 2 மைக்ரோகிராம் அளவு டிஎன்ஏ எடுத்து, பிவியு-2 என்ற நொதியால் வெட்டி, ஜெல்லில் ஓட்டிச் சவ்வுக்கு மாற்ற வேண்டும். ஐஎஸ்6110 என்ற டிஎன்ஏ துண்டு கிருமியின் மரபணுத்தொகுதியில் எத்தனை இடங்களில் ஒட்டியிருக்கிறதோ அத்தனை பட்டைகள் தெரியும். ஆறுக்கு மேல் பட்டைகள் இருந்தால் நம்பலாம். தென்னிந்தியாவில் இந்த முறை காலை வாரியது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 1990களில் பார்த்தபோது, இங்குள்ள கிருமிகளில் கணிசமான பங்குக்கு ஒரே ஒரு பட்டைதான். சிலவற்றுக்கு அதுவும் இல்லை. ஒற்றைப் பட்டை பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுவதால், சம்பந்தமே இல்லாத நோயாளிகள் ஒரே கொத்தாகத் தெரிவார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பலன் தந்த முறையை இங்கே அப்படியே நம்பியிருந்தால் பொய்யான தொற்றுச் சங்கிலிகள்தான் கிடைத்திருக்கும்.

இரண்டாவது முறையான ஸ்பாலிகோடைப்பிங் மலிவு. ஒரே பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை), திரும்ப வரும் டிஎன்ஏ வரிசைகளுக்கு நடுவே உள்ள 43 இடைவெளித் துண்டுகள், ஒவ்வொன்றும் இருக்கிறதா இல்லையா என்ற விடை. டிஎன்ஏ கொஞ்சம் போதும், உயிருள்ள கிருமியும் தேவையில்லை. முதல் 34 துண்டுகளும் இல்லையென்றால் அது பெய்ஜிங் குடும்பம் என்ற காசநோய்க் கிருமி வகை. குடும்பம் அறிய இது நன்று, யார் யாருக்குக் கொடுத்தார் என்று அறிய உதவாது. துண்டு ஒருமுறை போனால் திரும்பி வராது; வெவ்வேறு கிளைகளில் அதே துண்டு தனித்தனியே போனாலும் வடிவம் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது முறையான மிரு-விஎன்டிஆர், மரபணுத்தொகுதியின் 24 இடங்களில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை எண்ணி, 24 இலக்கச் சரமாகத் தருகிறது. ஆய்வகங்கள் ஒப்பிட்டுக்கொள்ள இதைப்போல் வசதியானது வேறில்லை. தவறு நேர்வது துண்டின் நீளத்தை எண்ணிக்கையாக மாற்றும் இடத்தில். நீளத்தை அளக்கும் கருவியின் வரைபடத்தில் உண்மை உச்சிக்குப் பக்கத்தில் எழும் போலி உச்சியை எடுத்துக்கொண்டால் 3 என்பது 2 ஆகிவிடும். பிசிஆர் தோற்றுப்போன இடத்தைச் சுழியம் என்று எழுதுவது அதைவிட மோசம். பெய்ஜிங் குடும்பத்துக்கு இந்த 24 போதாது, வேகமாக மாறும் கூடுதல் இடங்களும் வேண்டும்.

முழு மரபணு வாசிப்பு மற்ற மூன்றையும் பின்னுக்குத் தள்ளுகிறது. கிருமியின் டிஎன்ஏவில் 44 லட்சம் எழுத்துகள். வருடத்துக்குச் சராசரியாக அரை எழுத்துதான் மாறும். 2013-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வுக்குப் பின், 5 எழுத்து வேறுபாட்டுக்குள் இருந்தால் அண்மைத் தொற்று இருக்கலாம், 12-ஐத் தாண்டினால் இல்லை என்பது வழக்கமானது. அதே ஆண்டு ஹாம்பர்க் ஆய்வு வந்தது. 1997 முதல் 2010 வரை சேர்ந்த 86 கிருமிகளில் பழைய முறைகள் பிரித்துக் காட்டாத உட்கிளைகளை, 85 எழுத்து மாற்றங்கள் பிரித்துக் காட்டின.

ஆனாலும் குருட்டு இடங்கள் உண்டு. மரபணுத்தொகுதியில் பத்தில் ஒரு பங்கான பிஇ, பிபிஇ என்ற, ஒன்றையொன்று ஒத்த மரபணுக்களைக் குறுந்துண்டு வாசிப்பில் (டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாக வாசித்து இணைக்கும் முறையில்) சரியாகப் பொருத்த முடியாது, பெரும்பாலோர் ஒதுக்கிவிடுவார்கள். ஆழம் குறைந்த, அதாவது மிகச் சில முறையே வாசிக்கப்பட்ட இடத்தை வாசிக்க முடியவில்லை என்று குறிக்காமல், ஒப்பீட்டுக்கு வைக்கும் எச்37ஆர்வி என்ற மூலக் கிருமியின் எழுத்தையே இட்டு நிரப்பினால், இரு கிருமிகள் இல்லாத நெருக்கம் காட்டும். இரண்டு ஆய்வகங்களின் வடிகட்டும் விதிகள் வேறாக இருந்தால், ஒன்றின் 5-ஐயும் மற்றதன் 5-ஐயும் ஒப்பிடவே கூடாது. வேறுபாடு சுழியம் என்றாலும் திசை தெரியாது. அதற்கு இருமல் தொடங்கிய தேதியைத்தான் கேட்க வேண்டும். சளி வளர்க்கப்படாத நோயாளி சங்கிலியின் நடுவே இருந்தால், எந்த முறையாலும் அவரைக் காண முடியாது.

பணம் குறைவான இடத்தில் ஸ்பாலிகோடைப்பிங்கை முதல் சல்லடையாக வைக்கலாம். வடிவம் தெளிவாக வேறுபட்டால் அந்த இணையை விட்டுவிட்டு, பொருந்துபவற்றை மட்டும் முழுதாக வாசிப்பது நல்லது. தமிழ்நாட்டில் பொருந்துபவையே ஏராளமாக வரும், அதற்கேற்பப் பணம் ஒதுக்க வேண்டும். தொடர்பே இல்லாத இருவரிடம் வேறுபாடு சுழியம் என்று வந்தால், வீட்டுக்கு ஆள் அனுப்பும் முன் ஆய்வகப் பதிவேட்டைப் புரட்டுங்கள். இரண்டு சளியும் ஒரே நாளில், ஒரே வரிசையில், ஒரே கரைசல் பாட்டிலிலிருந்து பதப்படுத்தப்பட்டு, ஒன்றின் கிருமி மற்றதில் கலந்தவையாக இருக்கலாம்.