பழைய குடும்பக் கடைன்னு நம்பி 2,640 டாலர் போச்சு

ஆத்திரம் இன்னும் அடங்கல. நாளைக்கு எழுதினா நாகரிகமா எழுதிடுவேன், அதனால இப்பவே எழுதிடறேன். சோஃபா, மேசை வாங்கப் போறவங்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சொல்றேன்.

அமெரிக்கா வந்து எட்டு வருஷம் கழிச்சு சொந்த வீடு. உட்கார்ந்து பார்த்துதான் வாங்கணும்னு, இந்த மாநிலத்துல மட்டும் சில கிளைகள் வச்சிருக்கிற ஒரு பழைய ஃபர்னிச்சர் கடைக்குப் போனோம். வாசல்லயே நிறுவனரோட கறுப்பு வெள்ளைப் படம். விற்பனையாளருக்கு அறுபது வயசிருக்கும். "அப்பா வாங்கின கடைன்னு இப்போ பிள்ளைங்க வர்றாங்க"ன்னார். அங்கதான் விழுந்தேன். நம்ம ஊர்ல நகைக்கடைக்கு அப்படித்தானே போவோம். பாதி முன்பணம் போதுமாம். முழுசும் செக்கா கொடுத்தா பத்து சதவீதம் தள்ளுபடியாம். "ஏங்க, பாதி மட்டும் கொடுங்க"ன்னா மனைவி. நான் கேட்கல. 2,640 டாலர், ஒரே செக்.

எட்டு வாரத்துல வரும்னாங்க. ஒன்பதாவது வாரம் "துணி வரல." பதினொண்ணாவது வாரம் "லாரி கிடைக்கல." அப்புறம் "மேனேஜர் கூப்பிடுவார்." கூப்பிடல. நேர்ல போனா அதே பெரியவர் என் முகத்தைப் பார்க்காம, "தயாரிப்புல இருக்குன்னுதான் கம்ப்யூட்டர் காட்டுது"ன்னார். அவருக்கே சம்பள பாக்கியோ என்னவோ. போன வாரம் கதவுல தாள் ஒட்டியிருக்கு: திவால் மனு. உள்ளே மூடும் விற்பனை ஜோரா நடக்குது. நான் பணம் கட்டின அதே மேசை அங்கே நிக்குது! கேட்டா, "அதுக்குத் தனியா பணம் கட்டணும், பழைய ஆர்டர் கோர்ட் விஷயம்"ங்கிறாங்க.

ராத்திரி முழுக்கத் தேடிப் படிச்சேன். இந்தத் தொழில்ல வயசுக்கு மதிப்பே இல்ல போல. 1910ல தொடங்கின லெவிட்ஸ் 2008ல காலி. 1913ல தொடங்கின ஹைலிக் மேயர்ஸ் 2000ல திவால். மிச்சிகன்ல 1959ல தொடங்கின ஆர்ட் வேனை, குடும்பம் 2017ல ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு வித்துச்சு. 2020 மார்ச்ல திவால் மனு. போர்டு அதேதான், பின்னாடி ஆள் வேற. என் கடையும் கைமாறி நாலு வருஷமாம். படத்துல சிரிக்கிற தாத்தாவோட வாரிசு ஒருத்தர்கூட உள்ள இல்ல.

வாடிக்கையாளர் முன்பணத்துக்குத் திவால் சட்டத்துல முன்னுரிமை இருக்கு, 2025 ஏப்ரல்லேர்ந்து ஆளுக்கு 3,800 டாலர் வரை. என் 2,640 அதுக்குள்ள அடங்கும்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ஆனா சரக்கை அடமானம் பிடிச்ச பேங்க் எனக்கு முன்னாடி நிக்குது. அது எடுத்த மிச்சத்துலதான் எனக்கு, மிச்சம்னு ஒண்ணு இருந்தா.

சொல்றேன்னு சொன்னேனே: செக் கொடுக்காதீங்க, கிரெடிட் கார்டுல கட்டுங்க. பொருள் வரலைன்னா, ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள்ள கார்டு நிறுவனத்துக்கு எழுத்துல புகார் கொடுக்கணும். டெலிவரி எட்டு வாரம்னா அந்தக் கணக்கைக் கவனிங்க. முழுப் பணமா தள்ளுபடியோட கேட்டா எழுந்து வந்துடுங்க. கடை இப்போ யார் கையிலன்னு தேடிப் பாருங்க. வேற என்னவோ எழுத நினைச்சேன், மறந்துபோச்சு.

கோர்ட் படிவம் மேசையில கிடக்குது. மேசைன்னா, மடக்கு மேசை. 2,640ன்னு நிரப்பிட்டு வர்றேன்.