நூறு எம்பி வருகிறது, பிங் நிற்கவில்லை: குலசேகரம் பக்கம் ஒரு கேமிங் இணைப்பு

குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் வீடு. ஃபைபர் இணைப்பு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. திட்டம் 100 எம்பிபிஎஸ். நான் வேலரன்ட் ஆடுவேன், தம்பி பிஜிஎம்ஐ. தொடக்கத்தில் நாங்கள் கேம் ஆடியதைவிட ரவுட்டரை அணைத்துப் போட்டதுதான் அதிகம். இப்போது பெரும்பாலான நாட்களில் அந்தத் தொல்லை இல்லை. இடையில் எதை மாற்றினோம், எதற்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை, எதை எந்த ரவுட்டராலும் சரிசெய்ய முடியாது என்று எழுதி வைக்கிறேன். குமரி மாவட்டத்தில் மழை, மரம், தடித்த சுவர் மூன்றோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் வேகக் கணக்கை ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு மேட்ச் ஓட ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் தாராளம். 100-ஐ 300 ஆக்கினால் கேம் அப்டேட் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். ஆடும்போது முக்கியம் பிங், அதாவது நாம் அனுப்பும் தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். அதைவிட முக்கியம் அந்தப் பிங் ஒரே இடத்தில் நிற்பது. வேலரன்ட்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து மும்பை நேர்கோட்டிலேயே சுமார் 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்பவே 13 மில்லி செகண்ட் ஆகிவிடுகிறது. கேபிள் நேர்கோட்டிலும் போவதில்லை. எங்கள் இணைப்பு சென்னையைச் சுற்றிக்கொண்டு போகிறது, வழியில் எத்தனையோ ரவுட்டர்கள் வேறு. அதனால் நல்ல நாளில் எனக்கு 40-க்குப் பக்கத்தில் நிற்கும். சிஎஸ்2-க்கு (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2) சென்னையிலேயே சர்வர் இருப்பதால் அதில் இன்னும் கீழே இறங்கும். இருபதாயிரம் ரூபாய் போட்டு எட்டு ஆன்டெனா வைத்த கேமிங் ரவுட்டர் வாங்கினாலும் மும்பை பக்கத்தில் வந்துவிடாது. 40-ஐ 10 ஆக்க முடியாது. 40 திடீரென்று 300 ஆவதைத் தடுக்கத்தான் முடியும்.

அதற்குக் கோளாறு பாதையின் எந்தத் துண்டில் என்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட்டை மூன்று விண்டோவாகத் திறந்து வைப்பேன். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு பிங். பலருக்கு அது 192.168.1.1. இரண்டாவதில் ஆபரேட்டர் பக்கத்து முதல் முகவரிக்கு. தகவல் போகும் வழியை வரிவரியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட்டை (tracert) ஓடவிட்டால் நம் ரவுட்டருக்கு அடுத்த வரியில் வருமே, அதுதான். மூன்றாவதில் கூகுளின் 8.8.8.8. மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மேட்ச் ஆட வேண்டும். லேக் அடித்ததும் போய்ப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். முதல் விண்டோவிலேயே எண் குதித்திருந்தால் கோளாறு வீட்டுக்குள். வீட்டில் வேறு யாரும் பெரிதாக எதுவும் ஏற்றி இறக்காதபோது முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவது குதித்தால் ஃபைபரோ ஆபரேட்டரோ. மூன்றாவது மட்டும் குதித்தால் கோளாறு வெகுதூரத்தில், நாம் சும்மா இருக்க வேண்டியதுதான். ட்ரேஸ்ரூட்டில் நடு வரிகளில் நட்சத்திரக் குறி வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பல ரவுட்டர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே பாக்கெட்டை, அதாவது தகவல் பொட்டலத்தை, ஒழுங்காகக் கடத்திவிடும்.

எங்கள் வீட்டில் முதலில் மாட்டியது இரண்டாவது துண்டு. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் போதும், சாயங்காலம் பாக்கெட்டுகள் வழியில் தொலையும் ‘பாக்கெட் லாஸ்’ ஆரம்பித்துவிடும். இணைப்பு தருகிறவர் பழைய கேபிள் டிவிக்காரர், நல்ல மனிதர். ஆனால் போன் போட்டால் ஒரே பதில்தான்: “ஸ்பீடு டெஸ்ட்ல நூறு காட்டுதுல்லா மக்கா, பொறவு என்ன?”

“ஸ்பீடு வருது அண்ணே, பிங்குதான் நிக்க மாட்டேங்கு.”

இந்தப் பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. பேச்சை மாற்றியது ஒரு எண். ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கு, அதாவது ஓஎன்டிக்கு, உள்ளே ஒரு பக்கம் இருக்கிறது. பிரவுசரில் அதன் முகவரியைப் போட்டு, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டில் நுழைந்தால் ‘ஆப்டிகல்’ என்று ஒரு மெனு வரும். அதில் ஆர்எக்ஸ் பவர் என்று மைனஸில் ஒரு எண். இதுதான் நம் வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு, டிபிஎம் கணக்கில். 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். வெயில் நாளில் எங்களுக்கு -19 இருந்தது. மழை பெய்யும்போது -26-க்கும் கீழே. கணக்குப் போட்டால் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. வீட்டு ஓஎன்டி பெரும்பாலும் -27 வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் எல்ஓஎஸ் (LOS) லைட் சிவப்பாக எரிந்து இணைப்பே போய்விடும். எல்லையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்பீடு டெஸ்ட் ஒப்பேறிவிடும், கேம் ஒப்பேறாது.

வெயில் படமும் மழைப் படமும் வாட்ஸ்அப்பில் போனதும் மறுநாளே அண்ணன் பவர் மீட்டரோடு வந்தார். தோட்டத்து ஓரம் போஸ்ட்டில் கட்டியிருந்த ஜாயின்ட் பாக்ஸைத் திறந்ததும் விஷயம் கண்ணெதிரே. மூடி சரியாக மூடாமல் உள்ளே தண்ணீர், எறும்புக் கூடு வேறு. அதோடு ஒரு பக்கம் பச்சை கனெக்டர், இன்னொரு பக்கம் நீலக் கனெக்டர். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தின் முனை நேரானது. இரண்டையும் சொருகினால் உள்ளே போய் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். நடுவில் இடைவெளி விழுந்து ஒளி சிதறும். அவசரத்தில் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பச்சைக்குப் பச்சை மாட்டி, பாக்ஸை மாற்றி, வாய் கீழே பார்க்கும்படி கட்டினார். அன்றிலிருந்து மழையிலும் -20-க்குப் பக்கத்தில் நிற்கிறது. வீட்டுக்குள்ளும் ஒரு இடம் இருந்தது. சுவரிலிருந்து ஓஎன்டிக்கு வரும் மஞ்சள் வயர் பீரோவுக்குப் பின்னால் மடங்கி நசுங்கிக் கிடந்தது. அதை ஒரு பெரிய வளையமாக விட்டதும் இன்னும் கொஞ்சம் ஏறியது. தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுவதற்கு மட்டும் மருந்தில்லை. அது குமரி மாவட்டத்தில் இருப்பதற்கான வரி.

அடுத்தது வைஃபை. எங்கள் வீட்டின் பழைய பாகம் ஓட்டு வீடு, வெட்டுக்கல் சுவர். ஐந்து கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவரைத் தாண்டினால் செத்துப்போகும். 2.4 தாண்டும். தோட்டத்துக்கு நடுவே அக்கம்பக்கத்து வைஃபை நெருக்கடி இல்லை என்பதால் டவுனில் இருப்பவர்களைவிட எங்களுக்கு 2.4 சுத்தம்தான். ஆனால் தம்பியின் புளூடூத் ஹெட்செட்டும் அதே 2.4-இல் ஓடுகிறது. அதை மாட்டியவுடன் முதல் விண்டோவில் எண் ஆட ஆரம்பிக்கும். நாகர்கோவிலில் நெருக்கமான தெருவில் இருப்பவர்கள் 2.4-ஐத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் 1, 6, 11 சேனல்களில் ஒன்றை எடுத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஐந்தில் 36 முதல் 48 வரையோ 149 முதல் 161 வரையோ போடலாம். இடையில் இருப்பவை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள்; ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ரவுட்டர் சட்டென்று வேறு சேனலுக்குத் தாவும், மேட்ச் அங்கேயே நின்றுவிடும்.

நான் கடைசியில் வைஃபையோடு சண்டை போடவே இல்லை. கேட்-6 கேபிள் வாங்கி என் அறைக்கு இழுத்துவிட்டேன். ரவுட்டருக்கான பிங் அன்றிலிருந்து 1-க்குள். இத்தனை வருடத்தில் செலவழித்த காசுக்கு இவ்வளவு பலன் தந்தது வேறெதுவும் இல்லை. கேபிள் மாட்டிய பிறகும் லிங்க் ஆயிரத்துக்குப் பதில் நூறில் நின்றால், எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று கனெக்டருக்குள் ஏறவில்லை என்று அர்த்தம். முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டும். தம்பியின் போனுக்கு வயர் போட முடியாதே? பழைய ரவுட்டர் ஒன்றை அவன் அறையில் வைத்து, அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வசதியை) அணைத்து, லான் போர்ட்டில் கேபிள் சொருகி ஆக்சஸ் பாயின்ட் ஆக்கிவிட்டோம். ஒரே அறைக்குள் ஐந்து கிகாஹெர்ட்ஸ் அருமையாக வேலை செய்கிறது.

கேபிளை மொட்டைமாடி வழியாகக் கொண்டுபோகாமல் வீட்டுக்குள்ளேயே இழுத்ததற்குக் காரணம் இடி. சித்திரை வைகாசி இடியும் ஐப்பசியில் வரும் துலாமழை இடியும் இங்கே எப்படி விழும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. அடாப்டர் வழியாகவும் வெளியே ஓடும் செம்புக் கேபிள் வழியாகவும் வரும். வானம் இருட்டினால் அடாப்டரையும் லான் கேபிளையும் சேர்த்தே பிடுங்கிவிடுவோம்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு விசித்திரம் மிஞ்சியது. அம்மா போனைச் சார்ஜில் போட்டால் எனக்கு லேக். போனுக்குச் சார்ஜ் ஏறும்போதுதான் போட்டோ எல்லாம் கிளவுடுக்கு ஏறுகிறது. அப்லோடு முழுவதையும் அது எடுத்துக்கொள்கிறது. ரவுட்டர் வரும் பாக்கெட்டை எல்லாம் ஒரே வரிசையில் குவித்து வைக்க, என் கேமின் சின்ன பாக்கெட் அதன் கடைசியில் நிற்கிறது. களியக்காவிளை ரோட்டில் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிய பைக் மாதிரி. பஃபர்புளோட் என்று இதற்குப் பெயர். அப்பா வளைகுடாவிலிருந்து வீடியோ கால் போடும் நேரத்திலும் இதே கதை.

இதற்குத்தான் நான் சொந்த ரவுட்டர் வாங்கினேன். பிராண்ட் முக்கியமில்லை; ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏற்றக்கூடிய மாடலா என்று மட்டும் பார்த்தேன். அதில் எஸ்கியூஎம் என்ற வசதியைப் போட்டு, ‘கேக்’ முறையைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 90 சதவீதமாகக் குறைத்து வைத்தேன். அப்போது வரிசை ஓஎன்டியிலோ ஆபரேட்டரிடமோ சேராமல் நம் சொந்த ரவுட்டரிலேயே சேரும், அது சின்ன பாக்கெட்டுகளுக்கு வழிவிடும். அப்லோடு ஓடும்போது முன்பு 300-ஐத் தொட்ட பிங் இப்போது 45-ஐத் தாண்டுவது அபூர்வம். பத்து எம்பியை விட்டுக்கொடுத்ததை வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த வேலையை ரவுட்டரின் சிபியூ செய்கிறது. விலை குறைந்த ரவுட்டர் 100-க்குத் தாங்கும், 500 எம்பி திட்டத்துக்கு மூச்சு வாங்கும்.

சொந்த ரவுட்டர் மாட்டுவதற்கு முன் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி, போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் ஆளுக்கொரு நாட் (NAT, பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை) போட்டு, நண்பர்களோடு வாய்ஸ் பேசுவதும் பார்ட்டி சேர்வதும் தகராறு பண்ணும். எங்களிடம் பிரிட்ஜ் போட்ட பிறகும் நாட் டைப் ஸ்ட்ரிக்ட் என்றே காட்டியது. ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரியைப் பார்த்தால் 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கும். அப்படியென்றால் ஆபரேட்டரே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். யூபிஎன்பி, போர்ட் ஃபார்வேர்டு என்று ரவுட்டரில் வழி திறக்கும் எந்த வசதியும் அங்கே பலிக்காது. மாதம் கொஞ்சம் கூடுதல் கொடுத்து நிலையான ஐபி வாங்கினால் தீரும். வேலரன்ட் ஆட அது தேவையில்லை என்பதால் நான் வாங்கவில்லை.

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பெயரை முகவரியாக்குவதோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்தது, மேட்ச் ஓடும்போது அது பக்கத்திலேயே இல்லை. 12 வோல்ட் மினி யூபிஎஸ் நல்ல செலவு. கரண்ட் போகும்போது மேட்ச் போகாது, ஆபரேட்டர் பக்கம் முழுக்க மின்சாரம் தேவைப்படாத ஸ்பிளிட்டராக இருந்தால். வழியில் போஸ்ட்டில் ஸ்விட்ச் வைத்திருந்தால், உங்கள் யூபிஎஸ் பச்சை லைட்டைக் காட்டிக்கொண்டே இருக்கும், இணைப்பு இருக்காது. வாங்குவதற்கு முன் ஆபரேட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னும் தீராதது ஒன்றுதான், இரவு எட்டரைக்கு மேல் வரும் நெரிசல். முதல் விண்டோ சுத்தம், இரண்டாவது மட்டும் 3-லிருந்து 30-க்கு ஏறி இறங்கும். ஆபரேட்டர் பக்கத்து ஒரு ஜிபான் (GPON) ஃபைபர் போர்ட்டின் இரண்டரை கிகாபிட்டை 32 வீடோ 64 வீடோ பங்குபோடுகிறது, அதற்கு மேலே ஆபரேட்டர் வாங்கும் மொத்த லைனும் அளவோடுதான். படத்தை அனுப்பினேன். “மேலே சொல்லியிருக்கேன் மக்கா” என்றார் அண்ணன். லைனைக் கூட்டிய பிறகு சாதாரண நாட்கள் பரவாயில்லை; கிரிக்கெட் மேட்ச் இருக்கும் நாட்களில் பழைய கதைதான். அந்த நேரம் தம்பி போனின் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுகிறான். அதில் பிங் 60-க்கு மேல்தான், ஆனால் பெரிதாக ஆடாது. நான் ரேங்க்டு மேட்ச்சைப் பத்தரைக்குத் தள்ளிவைக்கிறேன்.