கேடி ரிமோட் சாவி: ஷோரூம் சாவிக்கு மாற்றாகுமா?

கார் சாவியைத் தொலைத்துவிட்டுச் சாவிக்கடைக்குப் போனால், கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டுவது பெரும்பாலும் கீடிஐஒய் என்ற சீன நிறுவனத்தின் ரிமோட்டாகத்தான் இருக்கும். கடைகளில் அதன் பெயர் 'கேடி'. வெளித்தோற்றம் ஏதாவது ஒரு கம்பெனி ஃப்ளிப் சாவி மாதிரி இருந்தாலும் உள்ளே எந்தக் காருக்கான ரகசியக் குறியீடும் கிடையாது. கேடி-எக்ஸ்2 போன்ற கையடக்கக் கருவியில் கேபிள் போட்டு இணைத்து, காரின் பெயரையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்து எழுதிய பிறகுதான் அது உங்கள் காரின் ரிமோட் ஆகிறது. தப்பாக எழுதிவிட்டால் அழித்துத் திரும்ப எழுதலாம். ஷோரூமில் கேட்கும் தொகையில் பாதிக்கும் கீழே பல கார்களுக்கு வேலை முடிந்துவிடும். சாதாரண ஃப்ளிப் சாவிக்கு நல்ல சரக்கு, தாராளமாக வாங்கலாம். பட்டன் ஸ்டார்ட் வண்டியின் ஸ்மார்ட் சாவி என்றால் யோசித்து வாங்க வேண்டும்.

வாங்கும் முன் எந்த சீரிஸ் என்று கேளுங்கள். பி சீரிஸில் ரிமோட் போர்டு மட்டும்தான் இருக்கும். இம்மொபிலைசர் சிப்பை, அதாவது இது சரியான சாவிதானா என்று வண்டி அடையாளம் பார்க்கும் சிப்பை, தனியாக வாங்கி உள்ளே வைக்க வேண்டும். என்பி சீரிஸில் சிப்பின் வேலையையும் போர்டே செய்துவிடும். இசட்பி என்பது பட்டன் ஸ்டார்ட் வண்டிகளுக்கான ஸ்மார்ட் சாவி. சாவிக்குள் சிப் வேறு, ரிமோட் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸில் சென்ட்ரல் லாக்கோடு பேசும், அதற்கு பேட்டரி வேண்டும். சிப்புக்கு பேட்டரியே தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் வளைய ஆன்டெனா சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் சக்தியை வாங்கிக்கொண்டு பதில் சொல்லும். ரிமோட் பேட்டரி செத்தாலும் சாவி திருகும் கார் ஸ்டார்ட் ஆவது இதனால்தான். கதவு திறந்து வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் சிப்பைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை என்றால் ரிமோட்டைப் பாருங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே முக்கியமான கேள்வி: "குளோன் பண்ணுறீங்களா, வண்டியில புரோகிராம் பண்ணுறீங்களா?"

குளோன் என்றால், கையில் இருக்கும் சாவியின் சிப்பைப் படித்து அதே அடையாளத்தோடு இன்னொரு சிப் எழுதுவது. வண்டியின் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். 4டி என்ற வகை சிப்பின் பழைய 40-பிட் ரகசியப் பூட்டு 2005லேயே ஆராய்ச்சியாளர்களால் உடைக்கப்பட்டது; ஐடி46 என்ற இன்னொரு வகை சிப்பில் இருக்கும் ஹைடேக்2 பூட்டும் 2012ல் சில நிமிடங்களில் உடைந்தது. இன்று தெருமுனைக் கடையில் சிப் நகல் எடுக்க முடிவது இந்த ஓட்டைகளால்தான். ஸ்பேர் சாவி மட்டும் போதும் என்பவருக்குக் குளோன் போதும். தொலைந்த சாவி யார் கையில் இருக்கிறதோ என்று பயப்படுகிறவருக்கு அது எந்த விதத்திலும் உதவாது. தொலைந்த சாவி வண்டியின் நினைவில் அப்படியே இருக்கும், வண்டியையும் ஸ்டார்ட் செய்யும். குளோனில் ரிமோட் பட்டன்களும் தானாக வராது. ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீட்டை மாற்றிக்கொண்டே போவதால் அதைத் தனியாக வண்டியில் பதிய வேண்டும். "ரிமோட்டையும் காப்பி அடிச்சுத் தர்றேன்" என்கிறவர் தருவது இரண்டு நாளில் ஒன்றையொன்று குழப்பிக்கொள்ளும் இரண்டு ரிமோட்டுகள்.

புரோகிராம் செய்யும் முறையே வேறு. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச உதவும் ஓபிடி சாக்கெட்டில் கருவியை மாட்டி, புதிய சிப்பை வண்டியின் பட்டியலில் சேர்க்கிறார்கள். ஹூண்டாய், கியாவில் இதற்கு 6 இலக்க பின் நம்பர் வேண்டும். அது சேசிஸ் எண்ணை வைத்து எடுக்கப்படுவது. பின்னைப் போட்டதும் முதல் சாவி, இரண்டாவது சாவி என்று வரிசையாகக் காட்டிப் பதிவார்கள். அப்போது காட்டாத சாவி பட்டியலிலிருந்து போய்விடும். அதனால் வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் கையோடு கொண்டுபோங்கள். தொலைந்த சாவி செல்லாமல் போவதும் இந்த வேலையில்தான், அதற்காகவே கூடுதல் காசு தகும். சாவியின் இரும்புப் பிளேடு இன்னும் கதவைத் திறக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பின் நம்பரைச் சில முறை தப்பாகப் போட்டால் சிஸ்டம் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறமும் ஊகித்துக்கொண்டே இருக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். கார் பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பதிவு பாதியில் நின்றுவிடலாம். ஹெட்லைட், ஏசி புளோயர், மியூசிக் எல்லாவற்றையும் அணைத்த பிறகே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

கேடியின் குறைகள் பெரும்பாலும் பொருத்துவதில் வருபவை. பி சீரிஸில் சிப்பை வைக்கும் பள்ளம் கொஞ்சம் தளர்வு. அவசரத்தில் போட்டு மூடினால் சிப் உள்ளே ஆடும், வளைய ஆன்டெனாவிலிருந்து விலகும். ஒருமுறை ஸ்டார்ட் ஆகும், மறுமுறை டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னும். சாவியைக் காதருகில் வைத்துக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே கடகடத்தால் திருப்பிக் கொடுத்துத் துளி பசை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். பிளேடைப் பிடித்திருப்பது ஒரு சிறு உலோகப் பின்தான். அது சரியாக இறங்காவிட்டால் சில மாதத்தில் பிளேடு ஆடத் தொடங்கும். ஸ்பிரிங் கம்பெனி சாவி அளவுக்கு முறுக்காக இருக்காது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, கார் அசையவில்லை என்றால் ரிமோட் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பட்டனும் பேட்டரியும் வேலை செய்கின்றன என்பதற்கு மட்டும்தான் அந்த விளக்கு அத்தாட்சி. ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் ரிமோட் மாறும். பட்டியலில் பக்கத்து வரியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், திரும்ப எழுதினால் சரியாகும்.

பிளேடு வெட்டுவதிலும் கவனம் வேண்டும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் ஹெச்யூ66, ஃபோர்டின் ஹெச்யூ101 போன்றவை பக்கவாட்டில் பள்ளம் போட்ட சாவிகள். வீட்டுச் சாவி தேய்க்கும் பழைய மெஷினில் அவை வராது. தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். வண்டி வாங்கும்போது சாவிக் கொத்தோடு வந்த சிறு உலோகத் தகட்டில் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து வெட்டினால் முதல் நாள் அளவே கிடைக்கும்.

வாங்கியதும் கடை வாசலிலேயே சோதியுங்கள். பழைய சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு, புதியதை மட்டும் போட்டுப் பலமுறை ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு சிப் ஒரே சாவி வளையத்தில் தொங்கினால் ஆன்டெனா குழம்பும். உலோகக் கவரும் அப்படித்தான். பிளேடை டிரைவர் கதவிலும், சாவித் துளை இருக்கும் மற்ற இடங்களிலும் திருகிப் பாருங்கள்.

இசட்பி ஸ்மார்ட் சாவியில் இன்னொரு சோதனை உண்டு. சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிவிட்டு, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். வண்டி கிளம்ப வேண்டும். பேட்டரி இருந்தால் எல்லாம் சரியாக நடந்து, இந்த அவசர வழி மட்டும் வேலை செய்யாத கேஸ்கள் உண்டு. அது ராத்திரி நெடுஞ்சாலையில்தான் தெரியவரும். தூரமும் கம்பெனி சாவியைவிடக் கொஞ்சம் குறைவு. வாரன்டியில் இருக்கும் வண்டிக்கும், புதிய தலைமுறை ஜெர்மன் வண்டிகளுக்கும் காசு அதிகமானாலும் ஷோரூம்தான். சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தையில் கிடைக்கும் பழைய ஒரிஜினல் ஸ்மார்ட் சாவியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது முதல் வண்டியோடு பூட்டப்பட்டிருக்கும், உங்கள் வண்டியில் பதியாது.

எல்லாச் சாவியும் போய்விட்டால் கேடி கருவி மட்டும் போதாது. லிஷி என்ற கருவியைக் கதவுப் பூட்டில் விட்டு வெட்டின் ஆழங்களைப் படிக்க வேண்டும், சில வண்டிகளில் இம்மொபிலைசர் பெட்டியைக் கழற்றி நினைவகத்தையே வாசிக்க வேண்டும். இந்த வேலையை அடிக்கடி செய்கிறவரை மட்டும் கூப்பிடுங்கள். ஆர்சியையும் அடையாள அட்டையையும் கேட்காமல் வேலையைத் தொடங்குகிறவர் யாருக்கு வேண்டுமானாலும் சாவி போட்டுத் தருவார் என்பதையும் கவனியுங்கள்.

பில் வாங்காமல் வராதீர்கள். வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு கம்பெனி சாவியும் ஒரு கேடி சாவியும் நீட்டினால் கேள்வி வரும். சாவி தொலைந்ததற்குப் போலீஸில் கொடுத்த புகாரின் நகல், வண்டி எண்ணும் தேதியும் போட்டு 'பழைய சாவி நீக்கப்பட்டது' என்று எழுதிய பில் இரண்டையும் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். சாவி மாற்றும் செலவுக்கென்றே தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால், கடைக்குப் போகும் முன்பே இன்ஷூரன்ஸுக்குச் சொல்லிவிடுங்கள்.