இரண்டு 3090 கார்டுகளா, ஒரு 5090 கார்டா?

ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட கிராஃபிக்ஸ் கார்டுகளைப் பொருத்துவது பயன் தருமா என்ற கேள்விக்குப் பொத்தாம்பொதுவாக விடை சொல்ல இயலாது. ஆகவே பலர் இன்று உண்மையாகவே எடைபோட்டுப் பார்க்கும் இரண்டு தெரிவுகளை எதிரெதிரே வைக்கிறேன். ஒரு பக்கம், 2020இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் இரண்டு. பெரும்பாலும் இவை பழைய சரக்காகவே கிடைக்கும். மறுபக்கம், 2025இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 5090 ஒன்று.

தாளில் பார்த்தால் இவை வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானவை. கணக்குப் போடும் சிறு அலகுகளான கூடா கோர்கள் ஒரு 3090இல் 10,496 என்பதால் இணைக்கு 20,992, 5090இல் 21,760. மெமரியிலிருந்து தரவைப் படிக்கும் வேகம் 3090இல் நொடிக்கு 936 ஜிபி, இணைக்கு 1,872 ஜிபி. 5090இல் 1,792 ஜிபி. மெமரியில் இணை தெளிவாகவே முந்துகிறது: அங்கே 24 ஜிபி வீதம் 48, இங்கே 32. மின்சாரத்தில் நிலைமை தலைகீழ்: அங்கே 700 வாட், இங்கே 575. இந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் இரண்டும் சமம் என்றோ இணையே மேல் என்றோ முடிவுகட்டிவிடலாம். ஆனால் 3090இன் கோர்கள் ஏறத்தாழ 1.7 கிகாஹெர்ட்ஸில் ஓடும்போது 5090இன் கோர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. அதைவிட முக்கியமானது, இரண்டு கார்டுகளின் எண்களைக் கூட்டிப் பார்ப்பது எப்போது நியாயம் என்பதே. நாம் கொடுக்கும் வேலை இரண்டாகப் பிரியுமா, பிரிந்தபின் ஒரு பாதி மற்றொரு பாதிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்குமா என்பதைப் பொறுத்தே அதன் விடை அமைகிறது.

கேம்களுக்காக வாங்குபவருக்கு இதில் யோசிக்கவே இடமில்லை, 5090தான். இணைக் கார்டுகளின் வரலாறு தொடங்கியதே கேம்களில்தான் என்பதால், அது ஏன் அங்கே முடிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டுகள் இரண்டை இணைத்தபோது, திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரைந்தன; இந்த முறைக்கு எஸ்எல்ஐ என்று பெயர். 2004இல் என்விடியா அந்தப் பெயரைத் தன் கார்டுகளுக்கு மீண்டும் கொண்டுவந்தது. 2005இல் போட்டி நிறுவனமான ஏடிஐ, கிராஸ்ஃபயர் என்ற தன் இணைப்பு முறையுடன் வந்தது. இவ்விரண்டிலும் பெரும்பாலும் கையாளப்பட்ட முறை, ஒரு ஃபிரேமை (திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களில் ஒன்றை) முதல் கார்டும் அடுத்த ஃபிரேமை இரண்டாம் கார்டும் வரைவதாகும். நொடிக்கு வரும் ஃபிரேம்களின் சராசரி எண் உயர்ந்தது, ஆனால் ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் வரவில்லை. ஒரு ஃபிரேம் 8 மில்லிநொடியிலும் அடுத்தது 25 மில்லிநொடியிலும் மாறி மாறி வந்தால் சராசரி நொடிக்கு 60 ஃபிரேம் என்று மீட்டர் காட்டும். கண்ணுக்கோ அது 40 ஃபிரேம் ஓட்டத்தைப்போலத் திக்கித் திக்கித்தான் தெரியும். இரண்டு கார்டுகளும் ஒரே காட்சியின் முழுப் பிரதியை வைத்திருக்க வேண்டியிருந்ததால் மெமரியும் கூடவில்லை. போதாக்குறைக்கு, முந்தைய ஃபிரேமின் தகவலைக் கொண்டு அடுத்த ஃபிரேமை மெருகேற்றும் உத்திகள் கேம்களில் பரவியதும், இரண்டாம் கார்டு முதல் கார்டின் முடிவுக்காகக் காத்து நிற்கும்படி ஆயிற்று.

2015இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 (கேம்கள் கிராஃபிக்ஸ் கார்டுடன் பேச உதவும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்), பல கார்டுகளைக் கையாளும் பொறுப்பைக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரிடமிருந்து கேம் உருவாக்குபவர்களிடம் மாற்றியது. இரண்டு கார்டு வைத்திருப்போர் மிகச் சிலரே என்ற நிலையில் அந்தப் பொறுப்பைச் சுமக்க முன்வந்த நிறுவனங்களும் மிகச் சிலவே. ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090க்கும் பின்னர் வந்த 3090 டிஐக்கும் மட்டுமே இரு கார்டுகளை நேரடியாக இணைக்கும் என்விலிங்க் பாலம் தரப்பட்டது. 2021 தொடக்கத்தோடு பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ அமைப்புகளைச் சேர்ப்பதையும் என்விடியா நிறுத்திவிட்டது. இன்று வரும் கேம்களில் இரண்டாவது 3090 சும்மா இருக்கும்.

முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்வோரின், அதாவது படமாக வரைந்தெடுப்போரின் நிலை வேறு. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் சைக்கிள்ஸ் போன்ற ரெண்டரர்களில் ஒவ்வொரு ஒளிக்கதிரின் கணக்கும் மற்றதைச் சாராதது என்பதால் இரண்டாம் கார்டு ஏறக்குறைய முழுப் பலனையும் தருகிறது. அனிமேஷன் செய்பவர், ஒரு கார்டுக்கு ஒற்றைப்படை ஃபிரேம்களையும் மற்றதற்கு இரட்டைப்படை ஃபிரேம்களையும் தனித்தனியே ஒதுக்கிவிட்டால் இழப்பு என்று சொல்ல எதுவுமே இருக்காது. இருந்தாலும் புதிதாக வாங்குபவருக்கு 5090ஐயே பரிந்துரைப்பேன். குறைந்த மின்சாரத்தில் அது இணையை எட்டிப் பிடித்து முந்தக்கூடியது, காட்சியும் 24 ஜிபிக்குப் பதில் 32 ஜிபி வரை வளரலாம். ஏற்கனவே ஒரு 3090 வைத்திருப்பவர் இன்னொன்றைச் சேர்ப்பதுதான் சிக்கனம்.

போட்டி உண்மையிலேயே சூடுபிடிப்பது, சாட்ஜிபிடி போன்றவற்றின் அடிப்படையான பெரிய மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டும்போதுதான். மாதிரி பொதுவாக ஒவ்வொரு டோக்கனை (ஒரு சொல் அல்லது அதன் துண்டை) எழுதும்போதும், தான் கற்றதைத் தாங்கிய எண்களான எடைகள் முழுவதையும் மெமரியிலிருந்து ஒரு முறை படிக்க வேண்டும். ஆகவே வேகத்தின் உச்சவரம்பைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். 7,000 கோடி அளவுருக்கள், அதாவது எடைகள், கொண்ட மாதிரியை 4 பிட் அளவுக்குச் சுருக்கினால் சுமார் 42 ஜிபி வரும். இரண்டு 3090களில் அது ஆளுக்குப் பாதியாக அடங்கிவிடுகிறது. மாதிரிகளை ஓட்டும் லாமா.சிபிபி போன்ற மென்பொருள், மாதிரியின் அடுக்குகளை (ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் கணக்குக் கட்டங்களை) இரு கார்டுகளுக்கும் பிரித்துவைக்கும்போது முதல் கார்டு தன் பங்கை முடித்தபின்தான் இரண்டாவது தொடங்குகிறது என்பதால், 42 ஜிபியை 936 ஜிபி வேகத்தில் படிக்க 45 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 22 டோக்கன் வரை கிடைக்கலாம். 5090இலோ 30 ஜிபி போக மிச்சம் 12 ஜிபி கணினியின் சாதாரண ரேமுக்கு வழிந்துவிடும். இரட்டைச் சேனல் டிடிஆர்5 ரேம் நொடிக்கு ஏறத்தாழ 90 ஜிபிதான் தரும். எனவே அந்தச் சிறு மிச்சத்தைப் படிக்கவே 130 மில்லிநொடிக்கு மேல் போய்விடும். வேகம் ஆறேழு டோக்கனுக்கு இறங்கிவிடும்.

அதே 5090க்கு 20 ஜிபி அளவுள்ள மாதிரியைக் கொடுத்தால் உச்சவரம்பு 90 டோக்கனைத் தொடும். 3090 இணைக்கு அது 47தான். ஒற்றை 3090க்கும் அதே 47தான். அந்த அளவில், அடுக்குப் பிரிப்பு முறையில் இரண்டாம் கார்டு ஒரு டோக்கன்கூடக் கூட்டித் தராது. எனவே இரண்டாம் கார்டை வேகத்திற்காக வாங்காதீர்கள், இடத்திற்காக வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. விஎல்எல்எம் போன்ற மென்பொருளில் ஒவ்வோர் அடுக்கையும் இரண்டாக வெட்டி இரு கார்டுகளையும் ஒரே நேரத்தில் உழைக்க வைக்கலாம், வேகமும் கூடும். ஆனால் அப்போது கார்டுகள் இடைவிடாமல் தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அங்கேதான் மதர்போர்டைக் கவனிக்க வேண்டும். சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர்கள் கிராஃபிக்ஸுக்கென, தரவு செல்லும் பாதைகளான லேன்கள் 16 மட்டுமே தருகின்றன. விலை கூடிய போர்டுகள் அவற்றை எட்டெட்டாகப் பிரிக்கும்; மற்றவற்றில் இரண்டாம் ஸ்லாட்டுக்குச் சிப்செட் (மதர்போர்டின் துணைச் சிப்) வழியாக நான்கு லேன்களே கிடைக்கும். அடுக்குப் பிரிப்புக்கு இந்த நான்கும் போதும், ஏனெனில் ஒரு டோக்கனுக்குக் கார்டுகளிடையே கடப்பது சில பத்துக் கிலோபைட்டுகளே. மாதிரிக்குப் பயிற்சி அளிக்கவோ அடுக்குகளை வெட்டி ஓட்டவோ நினைப்பவர் எட்டு லேன் போர்டையும், முடிந்தால் என்விலிங்க் பாலத்தையும் தேடிக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தையும் இடத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. பிராசஸரையும் சேர்த்தால் இணை அமைப்பு 1,000 வாட்டை எளிதில் தொடும். நம் வீடுகளில் உள்ள 6 ஆம்பியர் பிளக் 1,380 வாட்டுக்குமேல் தாங்காது, ஆகையால் 16 ஆம்பியர் பிளக்கில் இணைப்பதே பாதுகாப்பு. மொழி மாதிரிகளுக்கு மெமரி வேகமே எல்லை என்பதால், ஒவ்வொரு கார்டின் மின் வரம்பையும் 350 வாட்டிலிருந்து 270 வாட் அளவுக்குக் குறைத்தாலும் வேகம் சிறிதளவே இறங்கும். பல 3090கள் மூன்று ஸ்லாட் தடிமன் கொண்டவை. நெருக்கிப் பொருத்தினால் மேலுள்ள கார்டு கீழுள்ளதன் வெப்பக் காற்றையே உறிஞ்சும்.

பழைய 3090 வாங்குவோர் கார்டின் பின்பக்கத்தைத் தவறாமல் சோதிக்க வேண்டும். அதன் 24 மெமரி சிப்புகளில் பாதி, விசிறியே இல்லாத அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டிக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலை) முடிவுக்கு வரும்வரை இரவுபகலாக ஓடிய கார்டுகள் பல இன்று விற்பனைக்கு வருகின்றன. மெமரி வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளுடன் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்து, 100 டிகிரியைத் தாண்டினால், சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடு மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.