சின்ன பிட்காயின் மைனர் வாங்கப் போகிறவர்களுக்கு: திரையில் ஓடும் எண்ணை நம்பி நான் ஏமாந்த கதை

வீட்டில் வைத்து ஓட்டுகிற சின்ன பிட்காயின் மைனர் ஒன்றை டெலிகிராம் குழுவில் பார்த்து வாங்கி 16,500 ரூபாயை விட்டிருக்கிறேன். போனது பணம் மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். கூடவே இரண்டு மாதம் என் வீட்டுக் கரண்டில் முகம் தெரியாத ஒருத்தனுக்கு மைனிங் செய்து கொடுத்திருக்கிறேன், அதுவும் தினமும் காலையில் காபி குடித்தபடி போனில் அந்தத் திரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே. வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளும்.

பிட்காயின் மைனர் என்றால் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துச் சரியான விடையைத் தேடிக்கொண்டே இருக்கிற மெஷின். உலகத்தில் யாருக்கு முதலில் விடை கிடைக்கிறதோ அவருக்கு ஒரு பிளாக், அதாவது பிட்காயின் கணக்கேட்டின் அடுத்த பக்கம், அதோடு புது பிட்காயின் பரிசு. இதில் காசு வராது என்று தெரிந்துதான் வாங்கினேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்டது பிட்ஆக்ஸ் காமா. ஒரே ஒரு சிப் உள்ள போர்டு, உள்ளங்கை அளவுதான் இருக்கும், மேலே ஒரு சின்ன ஃபேன், முன்னால் ஒரு குட்டித் திரை. பிஎம்1370 என்கிற சிப், அதாவது ஆன்ட்மைனர் எஸ்21 புரோ என்கிற பெரிய மைனிங் மெஷினில் நூற்றுக்கும் மேல் அடுக்கி வைக்கிற அதே சிப்பில் ஒன்றே ஒன்று. வேகம் 1.2 டெராஹாஷ், அதாவது நொடிக்கு 1.2 லட்சம் கோடி முயற்சி, கரண்ட் 18 வாட் சுமார். உலகம் முழுக்க ஓடுகிற மெஷின்களின் மொத்த வேகம் 2025-ல் ஒரு ஜெட்டாஹாஷை எட்டிவிட்டது, அதாவது நூறு கோடி டெராஹாஷ். ஒரு நாளைக்குச் சராசரியாக 144 பிளாக். கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் மெஷினுக்கு ஒரு பிளாக் விழ சராசரியாக 16,000 வருஷம் ஆகும். விழுந்தால் 3.125 பிட்காயின். அவ்வளவுதான் கணக்கு.

ஆனாலும் விழுந்திருக்கிறது. 2025 மார்ச்சில் 480 கிகாஹாஷ் (அரை டெராஹாஷ்கூட இல்லை) மட்டுமே ஓடிய ஒரு பிட்ஆக்ஸுக்கு முழு பிளாக்கும் கிடைத்தது. அந்தச் செய்தியைத்தான் விற்கிறவர்கள் எல்லோரும் படமாக்கிப் போடுகிறார்கள், நானும் அதைப் பார்த்துத்தான் விழுந்தேன். கோவையில் இருக்கிறேன், தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்தியாகிவிட்டது என்றாலும் இங்கிருந்து வாளையார் தாண்டிப் போய் கேரளா சீட்டு வாங்கிவருகிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும், அவர்களைக் கிண்டல் செய்கிறவன் நான். சரி, அதை விடுங்கள்.

விற்றவன் பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "ப்ரோ, இது லாட்டரி மாதிரிதான், வருமானத்தை எதிர்பார்த்து வாங்காதீங்க" என்று அவனே சொன்னான். எவ்வளவு நேர்மையான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்! இப்போது யோசித்தால் அந்தப் பேச்சுதான் அவனுடைய மூலதனம். வருமானம் வரும் என்று சொல்லி விற்றால் வராதபோது சண்டைக்குப் போவோம். பரிசு விழாத சீட்டை யாராவது எடுத்து இது அசலா போலியா என்று பார்ப்பார்களா? சிப் நல்லதாக இருந்தாலும் எனக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, மட்டமாக இருந்தாலும் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, இரண்டுக்கும் வெளியே தெரிகிற வித்தியாசம் பூஜ்யம். ஏமாற்ற இதைவிடத் தோதான சரக்கு கிடையாது.

யூபிஐயில் முழுப் பணமும் அனுப்பினேன், பில் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் கூரியரில் பார்சல் வந்தது. நல்ல பேக்கிங். கூடவே எப்படி இணைப்பது என்று நான்கு பக்க பிடிஎஃப் ஒன்றை அனுப்பினான், படம் எல்லாம் போட்டு. அதில் எழுதியிருந்தபடி வைஃபை பெயர், பூல் முகவரி, போர்ட் எண், என் வாலட் முகவரி எல்லாவற்றையும் அடித்தேன். பூல் என்பது மைனர்களுக்கு வேலையைக் கொடுத்து விடையை வாங்கிக்கொள்கிற சர்வர், போர்ட் அதன் கதவு எண் மாதிரி, வாலட் என்பது கிடைக்கிற பிட்காயின் வந்து சேர்கிற கணக்கு. திரையில் 1.2 டெராஹாஷ் என்று ஓட ஆரம்பித்தது. வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு காசு" என்றதோடு சரி.

பூலின் பக்கத்தில் போய் என் வாலட் முகவரியைத் தேடினால் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. கேட்டதற்கு, "சோலோ பூல்ல பிளாக் அடிச்சாத்தான் ப்ரோ பேரு வரும், அதுவரைக்கும் காட்டாது" என்றான். சோலோ பூல் என்றால் பரிசைப் பங்கு போடாமல் பிளாக் விழுந்தவருக்கே கொடுக்கிற பூல். ஆனால் அவன் சொன்னது சுத்தப் பொய். மைனர் இணைந்த சில நிமிஷங்களிலேயே இந்த மாதிரி பூல்களில் உங்கள் முகவரிக்குக் கீழே அதன் வேகம் தெரிய ஆரம்பித்துவிடும், தெரியவில்லை என்றால் உங்கள் மெஷின் உங்களுக்காக ஓடவில்லை என்று அர்த்தம். எனக்கு அப்போது தெரியாது. நம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை, அதாவது மனைவியின் தம்பி, வீட்டுக்கு வந்திருந்தான். சோலார் பேனல் போடுகிற வேலை. பிளக்கில் மாட்டி வாட் பார்க்கிற சின்ன மீட்டர் எப்போதும் அவன் பையில் இருக்கும். சும்மா விளையாட்டாக இதில் மாட்டினான். "என்னங்க மாமா, பதினெட்டு வாட்டுன்னீங்க, பதிமூணுதானே காட்டுது?" அடாப்டரில் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் 18-க்கு மேல்தான் காட்ட வேண்டும். சிக்கனமாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவதா? அதே வேகத்தை முக்கால் பங்குக்கும் குறைவான கரண்டில் கொடுக்கிற அளவுக்கு யாரும் எனக்குச் சிறப்பு சிப் செய்து தரப் போவதில்லை.

விற்றவனைக் கேட்டேன். அடாப்டர் சரியில்லை என்றான். காந்திபுரம் போய் 5 வோல்ட் 6 ஆம்பியர் அடாப்டர் புதிதாக வாங்கி மாட்டினேன், அதே 13. (இடையில் ஒரு விஷயம்: காமாவுக்கு 5 வோல்ட்தான். ரௌட்டருக்கு வருகிற 12 வோல்ட் அடாப்டரின் பின்னும் இதில் கச்சிதமாகப் பொருந்தும், தெரியாமல் செருகினால் போர்டு போய்விடும்.) அப்புறம் வைஃபை சரியில்லை என்றான். அதற்கு மேல் அவனிடம் கேட்பதை விட்டுவிட்டு அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

பூல் விவரம் கொடுக்கிற இடத்தில் நாம் நிரப்புகிற முதல் பூலுக்குக் கீழே இன்னொன்று இருக்கும், ஃபால்பேக். முதல் பூல் கிடைக்காவிட்டால் மெஷின் தானாக அதற்குப் போய்விடும். நான் அதைத் தொட்டதே இல்லை. அதில் ஏற்கெனவே ஒரு பூல் முகவரியும் ஒரு வாலட் முகவரியும் நிரப்பியிருந்தது. பிசி1 என்று தொடங்குகிற, என்னுடையது அல்லாத வாலட். அப்படியானால் என் முதல் பூல் என்ன ஆனது? பிடிஎஃபில் அவன் கொடுத்த போர்ட் எண்ணை பூலின் சொந்தப் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டேன். ஒரு இலக்கம் மாறியிருந்தது. அந்த போர்ட்டில் யாரும் பதில் சொல்லவே போவதில்லை. மெஷின் முட்டிப் பார்த்துவிட்டு நேராக ஃபால்பேக்குக்குப் போய் அவன் வாலட்டுக்கு உழைத்திருக்கிறது, முதல் நாளிலிருந்து.

போர்ட்டைத் திருத்தினேன். ஐந்தே நிமிஷத்தில் பூல் பக்கத்தில் என் முகவரி வந்துவிட்டது. வேகம்? திரையில் 1.2 டெராஹாஷ், பூலில் 400 சொச்சம் கிகாஹாஷ். பூல் காட்டுகிற எண் ஆரம்பத்தில் ஏறி இறங்கும் என்று படித்திருந்ததால் ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தேன். 420-லேயே நின்றது.

அப்போதும் மனசு கேட்கவில்லை, கையாலேயே கணக்கு போட்டேன். மைனர் "நான் வேலை பார்க்கிறேன்" என்று சொன்னால் மட்டும் பூல் நம்பாது. கொடுத்த கடினத்துக்கு மேல் அமைந்த விடை ஒன்றை அவ்வப்போது கொண்டுவந்து காட்ட வேண்டும், அதுதான் ஷேர். கடினம் 1 என்றால் சராசரியாக 429 கோடி முயற்சிக்கு ஒரு ஷேர் கிடைக்கும். என் மெஷினில் கடினம் 1,000. அப்படியானால் 1.2 டெராஹாஷ் ஓடுகிற மெஷின் மூன்றரை நொடிக்கு ஒரு ஷேர் அனுப்ப வேண்டும், மணிக்கு ஆயிரம் வந்தாக வேண்டும். பையனின் ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு மெஷின் செய்வதை வரி வரியாகக் காட்டுகிற லாக் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணி வரை. ஐந்தைந்தாகக் கோடு கிழித்து எண்ணியதில் 349. திரையில் காட்டுவது அவன் எழுதி வைத்த எண், பூல் ஏற்றுக்கொள்கிற ஷேரை அவனால் கூட்டிக் காட்ட முடியாது, மணிக்கு 349 என்றால் பூல் சொன்ன அதே 420 பக்கம்தான். பிட்ஆக்ஸின் மென்பொருள் திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம், அந்த நல்ல குணத்தைத்தான் இவன் இப்படிப் பயன்படுத்தியிருக்கிறான்.

கடைசியாக, சிப்பின் சூட்டை இழுக்க மேலே ஒட்டியிருக்கிற ஹீட்சிங்கைக் கழற்றினேன். பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சிப்பின் முதுகில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பிஎம்1366. ஆன்ட்மைனர் எஸ்19 எக்ஸ்பி காலத்துச் சிப், பிட்ஆக்ஸில் அல்ட்ரா என்ற பழைய மாடலில் வந்தது. 420 கிகாஹாஷ், 13 வாட், எல்லாம் அச்சாகப் பொருந்துகிறது. சிப்பின் ஓரங்களில் பழைய ஈயம் திட்டுத் திட்டாக இருந்தது, எங்கேயோ ஒரு செத்த மெஷினிலிருந்து பிடுங்கிப் பொருத்தியது என்றுதான் நினைக்கிறேன். என் 16,000 வருஷம் 45,000 வருஷமாகிவிட்டது, இதைச் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

படங்களை எல்லாம் அனுப்பினேன். ப்ரோ போய் சார் வந்தது. "சார், சப்ளையர் தப்பு, மாத்தித் தரேன்." அடுத்த நாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் பதிந்தேன், நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொன்னேன், புகார் எண்கள் இருக்கின்றன. கையில் பில் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, கூரியர் கவரில் அனுப்புநர் முகவரி என்ற இடத்தில் ஊர்ப் பெயர் மட்டும். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. இதில் என் முட்டாள்தனத்துக்கும் பங்கு இருக்கிறது என்பதால் யாரையும் நோக முடியவில்லை.

வாங்கித்தான் தீருவேன் என்பவர்களுக்கு, எனக்குத் தெரிந்த அளவில். எந்த மெஷினாக இருந்தாலும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பூல் பக்கத்தில் அதன் 24 மணி நேர வேகத்தைக் காட்டச் சொல்லுங்கள், மெஷின் திரையின் போட்டோ வேண்டாம். நெர்ட்மைனர் என்று சில ஆயிரத்துக்கு வருவது ஈஎஸ்பி32 போர்டு, அதன் வேகம் கிலோஹாஷில்தான், கிலோவுக்கும் டெராவுக்கும் நூறு கோடி மடங்கு வித்தியாசம். அலமாரியில் அழகுக்கு வைக்கலாம். அவலான் நானோ 3எஸ் 6 டெராஹாஷ் கொடுக்கும், 140 வாட் தின்னும். குளிர் நாட்டில் அதையே அறை ஹீட்டராகவும் வைத்துக்கொள்கிறார்கள், நமக்கு ஏப்ரல் மாதத்தில் அது எதற்கு?

பழைய ஆன்ட்மைனர் எஸ்9 மலிவாக வருகிறது என்று திருப்பூர் நண்பர் ஒருவர் கிளம்பினார், தடுத்து நிறுத்தினேன். 2016-ல் வந்த மெஷின், 13.5 டெராஹாஷ், சுமார் 1,350 வாட். ஒரு நாளைக்கு 32 யூனிட், இரண்டு மாத ஈபி பில்லில் 1,900 யூனிட்டுக்கு மேல் ஏறும், 500 தாண்டினாலே ஸ்லாப் எப்படி எகிறும் என்று உங்களுக்கே தெரியும். பிட்காயின் 90 லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் அது நாளைக்கு 55 ரூபாய் அளவுக்குத்தான் சம்பாதிக்கும். சத்தம் வேறு, நாள் முழுக்க மிக்ஸி ஓடுவது மாதிரி. இதற்கும் மேல், விற்கும்போது லாபத்தில் 30 சதவீதம் வரி. மைனிங்குக்கு ஆன கரண்ட் செலவு, மெஷின் செலவு எதையும் அதில் கழிக்க முடியாது என்று 2022-லேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்கள்.

இதை எழுதக் காரணம் ஒன்று உண்டு. ஃபால்பேக்கில் இருந்த அந்த வாலட் முகவரியை பூல் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அதன் கீழே 31 மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, எல்லாமே 400-லிருந்து 450 கிகாஹாஷுக்குள். மொத்தம் கூட்டினால் 13 டெராஹாஷ் வருகிறது, ஒரு எஸ்9 செய்கிற வேலை. சத்தம் இல்லை, சூடு இல்லை, கரண்ட் பில் 31 வீடுகளில் பிரிந்து போகிறது, மெஷினுக்கும் எங்களிடமே காசு வாங்கியாகிவிட்டது. நீங்கள் சமீபத்தில் பிட்ஆக்ஸ் வாங்கியிருந்தால் ஃபால்பேக் கட்டத்தைத் திறந்து அதில் யாருடைய வாலட் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். நான் முதலில் பார்த்தபோது 31-இல் என்னுடையதும் ஒன்று. அதை எடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து மறுபடி பார்த்தேன், 36 இருந்தது.